இடப்பக்கம் எட்டு எம்.எம்.

கப்பலில் வந்த பம்பர்.
சென்னையில் இறங்கி, பார்சல் லாரியில்
வெங்காய மூட்டைகளுக்கு மேல் மல்லாந்து
விடியற்காலை கிருஷ்ணகிரி சேர்ந்தது.
ராயக்கோட்டை ரோட்டில் என் பட்டறை வாசலில்
அதற்கும் முன்னால் திம்மராயன்,
நைட் ஷிப்ட் முடித்துக் குளித்து
பெண் பார்க்க வந்தவர் போல் இஸ்திரி மடிப்போடு.

"அதே வண்டிதான். அங்க வேற பேரு.
மூஞ்சி மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும்."
மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர்.
இரண்டு தீபாவளி போனஸ் இது.

சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்தோம்.
யாருடைய நம்பரோ இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டை.
விளக்குக்குக் கீழே இன்னும் இரண்டு,
சதுரமாக, மூடி போட்டு.
"இது எதுக்கு பாய்?" என்று யாரப்பைக் கேட்டார்.
பனி மூடினால் உள்ளிருந்து குழாய் எட்டிப் பார்த்து
விளக்கைக் கழுவுமாம்.
கத்திரி வெயில் பதினோரு மணி.
வாங்கிய சூட்டையெல்லாம் சையத்பாஷா மலை
எங்கள் தகரக்கூரைக்கு வட்டியோடு அனுப்பிக்கொண்டிருந்தது.
யாரப் ஒரு மூடியை நெம்பி
உள்ளே விரலை விட்டுப் பார்த்தான்.

அதே வண்டி என்பதெல்லாம் பேச்சுக்கு.
பதினாலு கிளிப்பில் ஒன்பது பொருந்தியது.
ரேடியேட்டர் பட்டை இரண்டு விரல் துருத்தியது.
பிராக்கெட்டை அறுத்து, வேறொன்று வளைத்து,
சூட்டுக் காற்றில் ஓரத்தை இளக்கி
ஈரத்துணியால் அமுக்கி
வலப்பக்கம் உட்காரவைத்தேன்.
கண்ணை மூடி விரலை ஓட்டினால்
தகடு முடிந்து பிளாஸ்டிக் தொடங்குகிற இடம் தெரியாது.

இடப்பக்கம் எட்டு எம்.எம்.
வாய் பிளந்து நின்றது.

கழற்றினேன். மாட்டினேன்.
வாஷர் கொடுத்தேன், எடுத்தேன்.
"டூப்ளிகேட்டா தள்ளிட்டானா?" என்றார்.
எனக்கும் அந்தச் சீமைச் சாமானைத் திட்ட வாய் வந்தது.
சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மாதான்,
வண்டிக்கு அடியில் மூலைக்கு மூலை நூல் பிடித்தோம்,
யாரப் ஒரு முனை, நான் ஒரு முனை.
ஒரு நூல் நீளம்.
இன்னொன்று குட்டை.
சீலர் பூசியிருந்த இடத்தைச் சுரண்டினேன்.
கம்பெனி வெல்டிங் புள்ளி வைத்தாற்போல் இருக்கும்.
இது எவனோ அவசரத்தில்
சட்டியோடு கவிழ்த்தது.

பம்பர் நேராகத்தான் இருந்தது.

"யார்கிட்ட வாங்கினீங்க?"
"மல்லேசன். எங்க வீட்டம்மாவோட தம்பி. ஓசூர்ல.
ஒரு கீறல்கூட இல்லன்னு
புள்ள தலையில கைய வச்சு..."
அங்கேயே நிறுத்திக்கொண்டார்.
மாங்காய் லாரி ஒன்று போனது.
அழுகல் வாசம் வந்து, கொஞ்சம் நின்று, அதுவும் போனது.
நாலு வருஷம்.
திருப்பதி, தீர்த்தமலை, பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரி.
இந்த வண்டியில்தான்.

"இழுத்து நேராக்க எவ்வளவு?"
"பதினெட்டு ஆகும். ரெண்டு நாள் விடணும்."
போன் அடித்தது.
"நல்லா வந்திருக்கு," என்றார் அதற்குள்,
"இல்ல இல்ல, சாயந்திரம் நீயே வந்து பாரு."
போனைச் சட்டைப்பையில் போட்டார்.
மறுபடி எடுத்துப் பார்த்தார். போட்டார்.

"பம்பர அறுத்துடுங்க."

அறுத்தேன்.
அதன் இடது காதில் எட்டு எம்.எம்.
கடல் தாண்டி நேராக வந்ததை
ஓசூர்க் கோணலுக்கு இழைத்து இழைத்து
மூக்குக்குள் எல்லாம் கறுப்புத் தூள்.
ஆறு மணிக்கு இரண்டு பக்கமும் ஒன்று.
கூலி குறைத்துத்தான் வாங்கினேன். ஏனென்று கேட்கவில்லை.

அந்த அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்,
முந்தானையில் எலுமிச்சம்பழம் இரண்டு.
முன்னால் நின்று பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்,
போட்டோ எடுத்தார்.
திம்மராயன் இடது ஓரத்தை
சட்டைக்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க," என்றார் அந்த அம்மா போனை நீட்டி,
"மல்லேசன் அதுக்குள்ள ரெண்டு ஹார்ட் போட்டுட்டான்."